பின்னால் வந்த வெளிச்சம்

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியபோது இரவு பத்து மணி இருக்கும். காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் சைக்கிளில் ஏறியவள், வேப்பூர் வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். 280 கிலோமீட்டர் முடிந்திருந்தது. இன்னும் 120 பாக்கி. கூட ஓட்டிய இரண்டு பேர் விழுப்புரத்திலேயே முன்னால் போய்விட்டார்கள். சாலையில் நானும் லாரிகளும் மட்டும்.

அப்போதுதான் பின்னால் ஒரு கார் வருவதைக் கவனித்தேன். நெடுஞ்சாலையில் வருகிற கார் நம்மைக் கடந்து போய்விடும். இது கடக்கவில்லை. நான் மெதுவாக மிதித்தால் அதுவும் மெதுவாக வந்தது. நான் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது. என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்து கிடந்தது. போன் முன்பையில் இருந்தது. எடுக்க வேண்டுமானால் நிற்க வேண்டும். நிற்கப் பயமாக இருந்தது. மிளகுத்தூள் ஸ்பிரே எந்தப் பையில் இருக்கிறது என்று நினைவுக்கு வரவில்லை. ஏழு கிலோமீட்டர் அப்படியே ஓட்டினேன். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் மிதித்ததில்லை.

விளக்கெரிந்த ஒரு பெட்ரோல் பங்க் வந்ததும் சட்டென்று உள்ளே திருப்பி, ஆட்கள் நின்ற இடத்தில் போய் நின்றேன். காரும் உள்ளே வந்தது. கதவு திறந்தது. கையில் பிளாஸ்கோடு இறங்கியவர் என் கணவர்.

"பயந்துட்டியா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கால் நடுங்கியது.

"மனசு கேக்கலை. போன்ல லொகேஷன் பாத்துக்கிட்டே வந்தேன். சொன்னா திட்டுவேன்னுதான் சொல்லலை. சும்மா பின்னாடி வர்றேன், நீ பாட்டுக்கு ஓட்டு."

"வீட்டுக்குப் போங்க" என்றேன். அதற்குமேல் நல்ல வார்த்தை எதுவும் அப்போது என்னிடம் இல்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. பிளாஸ்கில் இருந்த காபியை நான் தொடவில்லை. காரை எடுத்துக்கொண்டு போனார். அதன் பின்விளக்கு மறையும் வரை நின்று பார்த்துவிட்டு, மறுபடி இருட்டில் ஏறினேன். என்னைத் துரத்தியதும் என்னைக் காக்க வந்ததும் ஒரே கார்தான் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று திண்டிவனம் வரை எனக்குப் புரியவில்லை.

நான் ஓட்டிக்கொண்டிருந்தது பி.ஆர்.எம். என்று சைக்கிள்காரர்கள் சொல்கிற நெடுந்தூர ஓட்டம். பந்தயம் கிடையாது, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் இல்லை. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. ஒரே ஆண்டுக்குள் நான்கையும் முடிப்பவருக்கு சூப்பர் ராந்தோனர் என்று ஒரு பட்டம் உண்டு. உலகம் முழுவதும் இந்த ஓட்டங்களைப் பதிவு செய்வது 1904-ல் தொடங்கிய பாரிஸ் நகரத்துச் சங்கம் ஒன்று. நம் ஊர்க் குழுக்கள் அதன் விதிகளின்படி நடத்துகின்றன. கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். வழியில் சோதனை நிலையங்களில் அதில் முத்திரையும் நேரமும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

விதிகளில் முக்கியமானது, ஓட்டுபவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. பஞ்சர் ஆனால் அவரே ஒட்ட வேண்டும். பசித்தால் கடையில் வாங்கிச் சாப்பிடலாம், லாட்ஜில் படுக்கலாம், சைக்கிள் கடையில் பழுது பார்க்கலாம். எல்லோருக்கும் திறந்திருக்கிற எதையும் பயன்படுத்தலாம். கூட ஓட்டுகிறவர் ட்யூப் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓட்டலாம். ஆனால் உங்களுக்கென்றே ஒரு வண்டி பின்னால் வரக் கூடாது. வீட்டு ஆட்கள் உதவ வேண்டுமானால் சோதனை நிலையத்தில் மட்டும்தான். நடுவழியில் கூடாது.

மறுநாள் காலை எட்டரைக்குத் தாம்பரம் வந்து சேர்ந்தேன். நேரத்துக்குள்தான். அட்டையை வாங்க வந்த தன்னார்வலரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"உங்களுக்கு ஏதாவது குடுத்தாரா மேடம்?"

"எதுவும் வாங்கலை. ஆனா ஏழு கிலோமீட்டருக்கு அந்த ஹெட்லைட்லதான் ஓட்டினேன். பள்ளம் மேடெல்லாம் நல்லாத் தெரிஞ்சுது."

அவர் சிரித்துவிட்டார். "நீங்க கூப்பிடவே இல்லையே. விட்டுடலாம்" என்றார். நான்தான் அட்டையை அனுப்ப வேண்டாம் என்றேன். இரண்டு மாதம் கழித்து அதே 400-ஐ மறுபடி ஓட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பல தோழிகள் கேட்டார்கள். நேர்மை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் அதில் வேறொன்றும் கலந்திருந்தது தெரிகிறது. "அவங்க புருஷன் கார்ல பின்னாடியே போனாராம்" என்று நாளைக்கு ஒருவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், 400 கிலோமீட்டரும் அவர் ஓட்டியதாகிவிடும். அந்த வார்த்தைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். ஓர் ஆண் என் இடத்தில் இருந்திருந்தால் இவ்வளவு கெடுபிடி தேவைப்பட்டிருக்காது. நம் கணக்கை நாமே இரண்டு மடங்கு இறுக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கும் இருக்கிறது.

இந்த விதியின் பழைய கதை ஒன்று சைக்கிள்காரர்களிடம் ரொம்பப் பிரபலம். 1913-ம் ஆண்டு டூர் த பிரான்ஸ் பந்தயம். யூஜீன் கிறிஸ்டோஃப் என்பவர் முன்னணியில் இருந்தார். பைரனீஸ் மலையில் டூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. அன்றைய விதிப்படி பழுதை ஓட்டுபவரே சரிசெய்ய வேண்டும்; வேறு யார் கையும் படக் கூடாது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சாந்த் மாரி த காம்பான் என்ற கிராமத்துக் கொல்லன் பட்டறைக்குப் போனார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவரே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். ஆனால் இரும்பை அடிக்க இரண்டு கைகளும் வேண்டும். துருத்தியையும் ஊத வேண்டும். பட்டறையில் இருந்த ஒரு சிறுவன் துருத்தியை ஊதினான். அந்த உதவிக்காக அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை கொடுத்தார்கள். பிறகு அதை மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே பல மணி நேரத்தை இழந்திருந்த மனிதருக்கு இது!

சைக்கிள்காரர்கள் இந்தக் கதையை வைராக்கியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அல்லது விதியின் கொடுமைக்கு. எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்தப் பையன்தான். அதிகாரிகள் கண்முன்னால் துருத்தி ஊதியதால் அவன் கணக்கில் வந்துவிட்டான். கண்ணில் படாத இடத்தில் ஊதப்படும் துருத்திகளுக்கு எந்த விதிப்புத்தகத்திலும் நிமிடக் கணக்கு இல்லை.

என் கணக்கைச் சொல்கிறேன். முதல் 200, முதல் 300, பதிவாகாமல் போன அந்த 400, இந்த மூன்றுக்கும் என் மகளைப் பார்த்துக்கொள்ள அம்மா ஊரிலிருந்து வந்தாள். கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ், திருச்சியிலிருந்து இன்னொரு பஸ், முழுசாக ஒரு பகல். அம்மா கிளம்ப வேண்டுமென்றால் அப்பாவுக்கு மூன்று நாள் சாப்பாட்டுக்கு வழி செய்ய வேண்டும். மாவரைத்து வைத்து, வற்றல் குழம்பு கொதிக்கவைத்து வைத்து, சித்தியிடம் சொல்லிவிட்டு வருவாள். சித்தி இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சோறு வடிப்பாள். நான் ஒருத்தி "தனியாக" 300 கிலோமீட்டர் ஓட, ஊரில் ஒரு அடுப்பு கூடுதலாக எரிந்தது.

எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர். இரண்டு சின்னக் குழந்தைகள். எனக்கு முன்னால் பல ஆண்டுகளாக ஓட்டுகிறவர். ஒருமுறை டீக்கடையில் கேட்டேன். "நீங்க ரெண்டு நாள் வந்துட்டா பசங்க?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "வீட்லதான் இருக்காங்க" என்றார். அந்த "வீட்லதான்" என்ற சொல்லுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவர் அவளை மறைக்கவில்லை. அவருக்கு அவள் தெரியவில்லை, அவ்வளவுதான். என்னிடம் மட்டும் வழியில் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். "குழந்தையை யாரும்மா பாத்துக்குறாங்க? வீட்ல விட்டாங்களா?"

வழியில் கிடைக்கிற உதவியும் ஒரே மாதிரி கிடையாது. ஒருமுறை செங்கல்பட்டுக்கு முன்னால் பின்சக்கரம் பஞ்சர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த மூன்று பேர் நின்றார்கள். "தள்ளும்மா" என்று டயர் லீவரை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்கள். நான் சொல்லச் சொல்லக் கேட்காமல், புது ட்யூபை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுக்கி, அதையும் ஓட்டையாக்கிவிட்டார்கள். "பாத்துப் போம்மா" என்று வாழ்த்திவிட்டுக் கிளம்பினார்கள். இருந்த ஒரே ஒரு மாற்று ட்யூபை நான் உட்கார்ந்து மாட்டினேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வேண்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்றிரவு கணவரின் காரும் அப்படித்தான் வந்தது.

அம்மாவிடம் அந்தக் கார் கதையைச் சொன்னேன். அவள் தன் கதையைச் சொன்னாள். அம்மா சைக்கிள் கற்றது 1992-ல். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த காலம். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதைப் பெரிய இயக்கமாகவே ஆக்கினார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்தக் காலத்தில் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளை விட ஜென்ட்ஸ் சைக்கிளையே பல பெண்கள் விரும்பினார்கள் என்றும் அதில் வரும். நடுக்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! அப்படி உட்கார்ந்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. நாலு வயசு. கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டி அம்மா ஓட்டுவாள்.

"பள்ளிக்கூடத்து மைதானத்துல சாயங்காலம் சொல்லிக் குடுப்பாங்க. அறிவொளிப் பொண்ணு ஒருத்தி கேரியரைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி ஓடி வருவா. விடாதடி விடாதடின்னு நான் கத்துவேன். பிடிச்சிருக்கேன்க்கா, பிடிச்சிருக்கேன்க்கான்னு சொல்லிக்கிட்டே ஒரு நாள் விட்டுட்டா. எப்ப விட்டான்னே தெரியலை. திரும்பிப் பாத்தா தூரத்துல நிக்கிறா. உடனே விழுந்தேன்" என்று அம்மா சிரித்தாள். பிறகு, "விட்டாத்தானேடி பிடிச்சதுக்கு அர்த்தம். மாப்பிள்ளைக்கு அது தெரியலை, சொல்லிக் குடு" என்றாள்.

தன் கால் என்று நாம் சொல்லிக்கொள்வதில் எத்தனை பேர் பிடித்த பிடி இருக்கிறது என்பதை அம்மாவின் தலைமுறை மறைத்ததே இல்லை. ஓர் ஆட்சியர், ஒரு வங்கிக் கடன், மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்த ஓர் இளம்பெண். இவ்வளவு உதவிக்குப் பிறகுதான் அம்மா தனியாகத் தண்ணீருக்குப் போனாள். அதனால் அவள் போனது குறைந்துவிடவில்லை.

உலகத்தில் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களும் இந்தக் கோடு எங்கே என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பி.ஆர்.எம்.மில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டலாம் என்றேன். ஐரோப்பாவைக் கடந்து ஓட்டும் டிரான்ஸ்கான்டினென்டல் பந்தயத்தில் அதுவும் கூடாது. அடுத்தவர் முதுகு மறைக்கிற காற்றுகூட அங்கே உதவிதான். 2019-ல் பல்கேரியாவின் பர்காஸிலிருந்து பிரான்ஸின் பிரெஸ்ட் வரை, சுமார் 4,000 கிலோமீட்டரை 10 நாள் 2 மணி 48 நிமிடத்தில் ஓட்டி, ஆண்கள் பெண்கள் அத்தனை பேரையும் முந்தி முதலில் வந்தவர் ஃபியோனா கோல்பிங்கர் என்ற 24 வயது ஜெர்மானியப் பெண். அவருக்கு அது முதல் பந்தயம்.

அதே 2019-ல் கனடாவின் பான்ஃபிலிருந்து அமெரிக்க–மெக்சிகோ எல்லை வரை போகும் டூர் டிவைடில் வேறொரு சச்சரவு. சுமார் 4,400 கிலோமீட்டர் மலைப்பாதை. அலாஸ்காவைச் சேர்ந்த லேல் வில்காக்ஸ் ஓட்டினார். 2016-ல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ் ஆம் பந்தயத்தில் ஆண்களையும் முந்தி முதலாவதாக வந்தவர் அவர். டூர் டிவைடில் அவரைப் படமெடுக்க ஒரு குழு வழியில் ஆங்காங்கே வந்தது. அந்தக் குழுவில் அவருடைய இணையரும் இருந்தார். தண்ணீர் தரவில்லை, சாப்பாடு தரவில்லை. ஆனால் மனதுக்குப் பிடித்தவரின் முகத்தை நடுவழியில் பார்ப்பதே ஒரு பலம், அது மற்றவர்களுக்குக் கிடைக்காத உதவி என்று சிலர் ஆட்சேபித்தார்கள். அந்த வாதத்தை என்னால் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. மூன்றாம் நாள் காட்டில் ஒரு பிரியமான முகம் தெரிந்தால் காலுக்கு வலு வரத்தான் செய்யும். ஆனால் அப்படி அளக்க ஆரம்பித்தால், வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற நிம்மதியோடு ஓட்டுகிறவனின் காலுக்கு வருகிற வலுவை எந்த நிலையத்தில் நிறுத்தி அளப்பது?

400-ஐ இரண்டாம் முறை ஓட்டும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். அவர் முதலில் கோபப்பட்டார். "உனக்காகத்தானே வந்தேன்" என்றார். பிறகு, "நிஜமாவே பயமா இருந்துச்சு" என்றார். எனக்கும்தான் பயம் என்றேன். அந்தச் சாலையில் என் பயம் எனக்குப் பழக்கம், அதோடு சேர்த்து உங்கள் பயத்தையும் நான் இழுக்க முடியாது என்றேன். லொகேஷன் பகிர்வதை நிறுத்திவிடலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. நிறுத்தவில்லை. லாரி ஒன்று இடித்துவிட்டால் நான் எந்த இடத்தில் கிடக்கிறேன் என்று யாருக்காவது தெரிய வேண்டும். அது கண்காணிப்பாகவும் இருக்கிறது, பாதுகாப்பாகவும் இருக்கிறது. இன்றுவரை எனக்கு அதில் முழுத் தெளிவு இல்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "உதவணும்னா, அம்மாவைக் கூப்பிடாம நான் போயிட்டு வரணும்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி" என்றார்.

அந்த 400 முடிந்தது. அடுத்தது 600. சனிக்கிழமை காலை ஆறு மணி, தாம்பரம். திருச்சி வரை போய்த் திரும்ப வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் திருச்சியில் அட்டையில் முத்திரை வாங்கினேன். திரும்பும் வழியில் பெரம்பலூரில் இரண்டு மணி நேரம் தூங்கலாம் என்று ஒரு லாட்ஜில் முன்கூட்டியே போன் செய்து அறை சொல்லிவைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது அதிகாலை இரண்டு மணி.

மேஜையில் இருந்தவர் என்னையும் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார். "புக்கிங் இருக்கு மேடம். ஆனா தனியா வர்ற லேடீஸுக்கு நாங்க குடுக்கிறதில்லை. சார் வரலையா?"

சார் இல்லை என்றேன். அடையாள அட்டையைக் காட்டினேன். பி.ஆர்.எம். அட்டையைக் காட்டினேன். கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, சாருக்கு ஒரு போனைப் போட்டுக் குடுங்க. அவர் ஓகேன்னு ஒரு வார்த்தை சொன்னா சாவி தர்றேன்."

விதிப்படி பார்த்தால் அதில் தவறே இல்லை. போன் பேசக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஒரு நிமிட வேலை. கணவர் எடுப்பார், "குடுங்க சார்" என்பார், எனக்குக் கட்டில் கிடைக்கும். 355 கிலோமீட்டர் ஓட்டிய உடம்பு கட்டிலுக்குக் கெஞ்சியது. போனைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு பைக்குள் போட்டுவிட்டு வெளியே வந்தேன். ஹெட்லைட்டை விடப் பெரிய உதவி அது என்று தோன்றியது. 36 வயதில், சொந்தச் சம்பளத்தில், என் காலால் இவ்வளவு தூரம் வந்து, ஒரு சாவியை வாங்க அவருடைய குரல் வேண்டுமென்றால், அதை எந்த அட்டையில் போய்ச் சொல்வது?

வீராப்புதான். வேறொரு நாளில், மழையோ காய்ச்சலோ இருந்திருந்தால் போன் செய்திருப்பேன், செய்யவும் வேண்டும். இதைப் படிக்கிற தங்கைகள் யாரும் என் வீராப்பைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பைபாஸில் ஒரு டீக்கடையில் விளக்கெரிந்தது. ஓர் அக்கா அடுப்பருகில் உட்கார்ந்திருந்தார். இரண்டு லாரிக்காரர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். டீ வாங்கிக் குடித்தேன். அதற்கு முன் ஒரு பெட்ரோல் பங்கில் கழிவறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். அது எனக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். அக்காவிடம் கேட்டேன். ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வெளியே நின்றார்.

திரும்பி வந்து, "அக்கா, இந்த பெஞ்சுல ஒரு மணி நேரம் படுத்துக்கட்டுமா?" என்றேன்.

"நல்லாப் படு. நாலு மணிக்கு இட்லிப் பானையை வைக்கும்போது எழுப்புறேன்." பிறகு கேட்டார். "பிள்ளை இருக்கா?"

"ஆறு வயசுப் பொண்ணு."

"யாரு பாத்துக்குறா?"

"அவங்க அப்பா."

"தனியாவா?" என்றார். நான் சென்னையிலிருந்து திருச்சிக்குச் சைக்கிளில் போய்த் திரும்புவதைச் சொன்னபோதுகூட அவர் இவ்வளவு ஆச்சரியப்படவில்லை. "எம் பொண்ணை எங்கம்மாதான் பாத்துக்குறாங்க. இல்லைன்னா இந்நேரத்துல கடை ஏது" என்றார். அந்தக் கேள்வியை வழியெல்லாம் எத்தனையோ பேர் கேட்டு எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. அக்கா கேட்டபோது வரவில்லை. தொழில் செய்கிற ஒருத்தி இன்னொருத்தியிடம் உன் ஏற்பாடு என்ன என்று விசாரித்த விசாரிப்பு அது.

சைக்கிளை பெஞ்சுக்காலோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் படுத்தேன். நடுவில் ஒருமுறை விழிப்பு வந்தது. யாரோ ஓர் ஆள், "யாருக்கா இது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "எங்க சொந்தக்காரப் பொண்ணு. நீ டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு" என்றார் அக்கா. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாலு மணிக்கு எழுப்பினார். நாலு இட்லி, ஒரு டீ. காசு கொடுத்தேன். கூடுதலாக வைத்த நூறு ரூபாயைத் திருப்பித் தள்ளினார். "இட்லிக்குத்தான் காசு. பெஞ்சுக்கெல்லாம் என்ன காசு." எல்லோருக்கும் திறந்திருக்கிற கடை, அதனால் விதிப்படி சரிதான். ஆனால் டார்ச்சும், வாளித் தண்ணீரும், அந்த ஒரு பொய்யும் எல்லோருக்கும் கிடைக்கிற சரக்கு இல்லை. ஓட்டத்தை முடித்துவிட்டு இதைத் தன்னார்வலரிடம் சொல்ல வேண்டுமா என்று உளுந்தூர்ப்பேட்டை வரை யோசித்தேன். சொல்லவில்லை. இந்த முறை என் கணக்கை இரண்டு மடங்கு இறுக்க எனக்கு விருப்பமில்லை.

ஞாயிறு இரவு எட்டு ஐம்பதுக்குத் தாம்பரம். 38 மணி 50 நிமிடம். அட்டையில் கையெழுத்துப் போட்டபோது விரல்கள் மரத்துப் போயிருந்தன. உள்ளங்கை மரமரப்பு போக மூன்று வாரம் ஆனது.

வீட்டுக்குப் போனேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் காய்ச்சல் மருந்து பாட்டில் இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"நேத்து சாயங்காலம் 102 வந்துச்சு" என்றார் அவர். "டாக்டருக்கு போன் போட்டேன். மருந்து குடுத்து, ராத்திரியெல்லாம் துணி நனைச்சுப் போட்டேன். காலைல இறங்கிடுச்சு."

எனக்குக் கோபம் பொங்கியது. "ஏன் சொல்லலை?"

"சொன்னா திரும்பிடுவ."

திரும்பியிருப்பேன். சந்தேகமே இல்லை. விழுப்புரத்திலேயே சைக்கிளை பஸ்ஸில் ஏற்றியிருப்பேன். எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றுவதாக அவர் மறுபடியும் ஒரு முடிவெடுத்துவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் அலுவலக வேலையாக வெளியூரில் இருந்த இரவுகள் அப்புறம் நினைவுக்கு வந்தன. மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த இரவு, தண்ணீர் மோட்டார் எரிந்துபோன இரவு, அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்த இரவு. போனில் கேட்பார். "எல்லாம் நல்லா இருக்கு, நீங்க வேலையைப் பாருங்க" என்று நான் சொல்வேன். அந்த இரவுகளை நானும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. திரும்பி வந்து அவரும் என்னைப் போல மேஜை மீதிருந்த பாட்டிலைக் கவனித்ததில்லை.

அவர் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. என்னை விட அவர்தான் குறைவாகத் தூங்கியிருப்பார் போலிருந்தது. 40 மணி நேரத்தில் அவரும் எதையோ ஓட்டி முடித்திருந்தார்.

"அடுத்த தடவை சொல்லிடுங்க" என்றேன். "திரும்பறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கிறேன்."

"சரி" என்றார். பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினார். அதே பிளாஸ்க். இந்த முறை வாங்கிக் குடித்தேன்.